சனிக்கிழமை எண்ணெய்க்காரரும் வெள்ளிக்கிழமை விளக்கும்

யான்புவில் வசிக்கும் நம் அன்பர்கள், அரபி மொழி பேசத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஏழு கிழமைகளின் பெயரை மட்டும் அரபியில் அறிவோம். ஞாயிறு 'அஹத்', அதாவது ஒன்று. திங்கள் 'இத்னைன்', இரண்டு. இவ்விதமே வியாழன் வரை எண்ணிக்கைதான். வெள்ளி 'ஜுமுஆ', மக்கள் தொழுகைக்குக் கூடும் நாள். சனிக்கிழமைக்கு மட்டும் 'ஸப்த்' என்று பெயர். யூதர்களின் ஓய்வுநாளைக் குறிக்கும் 'ஸப்பாத்' என்ற எபிரேயச் சொல்லின் உடன்பிறப்பு இது. ஓய்ந்திருத்தல் என்பது அதன் பொருள். எபிரேய மொழியிலும் மற்ற ஆறு நாட்கள் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணப்படுகின்றன. ஏழாவது நாளுக்கு மட்டுமே தனிப்பெயர் உண்டு.

இத்தனை ஆண்டுகள் இச்சொல்லை உச்சரித்து வந்தும் அதன் வரலாற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவள் என் மகள். யான்புவிலேயே வளர்ந்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருக்கும் அவளை, உடன் படிக்கும் யூதப் பெண் ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை மாலை தங்கள் மாணவர் சங்கத்து விருந்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். "போட்டோ எடுத்தாயா? எங்களுக்கு அனுப்பேன்" என்றாள் என் மனைவி. "அங்கே எடுக்கக் கூடாதம்மா. போனையே எல்லோரும் அணைத்து வைத்துவிட்டார்கள்" என்றாள் அவள். பிறகு சற்றுத் தயங்கி, "அப்பா, பக்கத்தில் இருந்த பையன் ஒன்று கேட்டான். 'உங்கள் வீட்டில் வாரத்தில் எந்த நாள் விசேஷம், அன்றைக்கு என்ன செய்வீர்கள்?' என்று. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை" என்றாள்.

எனக்கும் வரவில்லை. அன்று முதல் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் நம் மன்றத்து அன்பர்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே தொகுத்துத் தருகிறேன். இன்றைய நாடுகளுக்கிடையே உள்ள பூசல்கள் இக்கட்டுரையின் பொருளல்ல. கோவில் இல்லாத ஊரில் ஒரு சமூகம் தன் சமயத்தை எவ்விதம் காப்பாற்றிக்கொள்ளும் என்பதே இதன் பொருள்.

மாணவர் இல்லத்தில் ஒரு வெள்ளி மாலை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கென்று 'ஹில்லெல்' என்ற அமைப்பு உண்டு. 1923ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற யூத குரு இதைத் தொடங்கினார். பழங்காலத்து ஞானி ஒருவரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் வீட்டு வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாதென்பது நோக்கம். இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இவ்வமைப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு விருந்து அதன் முக்கிய நிகழ்ச்சி. பிற சமயத்து மாணவர்களையும் அழைத்து உட்கார வைப்பது வழக்கம்.

யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரிய அஸ்தமனத்தில். ஆகவே சனிக்கிழமை ஓய்வுநாள் வெள்ளி மாலையிலேயே பிறந்துவிடுகிறது. அஸ்தமனத்துக்குச் சற்று முன்பாகப் பெண்கள் இரண்டு விளக்கு ஏற்றுகிறார்கள். இப்போது பெரும்பாலும் மெழுகுவத்திதான். ஏற்றியபின் இரு கைகளாலும் சுடரின் ஒளியைத் தம் பக்கம் வாரி அழைப்பதுபோல் செய்து, கண்களை மூடிக்கொண்டு பிரார்த்திக்கிறார்கள். "நாம் ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதே மாதிரி இருந்தது" என்றாள் மகள். அதன்பின் சனி இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை புதிதாக நெருப்பு மூட்டுவதில்லை; எழுதுவதில்லை; வாங்குவதும் விற்பதும் இல்லை. அன்று விலக்க வேண்டிய வேலைகள் 39 வகை என்று அவர்களுடைய பழைய சட்ட நூலான மிஷ்னா வகுத்திருக்கிறது. சமையல் முன்னதாகவே முடிந்துவிட வேண்டும்.

விருந்துக்கு முன் திராட்சை மதுவைக் கையில் ஏந்தி அந்த நாளைப் புனிதமாக்கும் மந்திரம் சொல்கிறார்கள். மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. பிறகு கை கழுவுதல். துணியால் மூடி வைத்த இரண்டு ரொட்டிகளைத் திறந்து, பிட்டு, உப்பில் தோய்த்து எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் அலைந்த காலத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவு, ஓய்வுநாளின் முன்தினம் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது என்பது அவர்கள் வேதத்துக் கதை. அதன் நினைவாகவே இரண்டு ரொட்டி. நம் வீட்டுச் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: அந்த ரொட்டியில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். விலக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். தம் உணவில் இத்தனை நியமம் வைத்திருப்பவர்கள் பிறர் நியமத்தைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்கள்.

வீடுகளில் இந்த இரவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெற்றோர் பிள்ளைகளின் தலைமேல் கை வைத்து ஆசி கூறுவார்கள். வாரம் தவறாமல், பிள்ளை வளர்ந்து பெரியவனான பின்னும் கூட. நம்மில் எத்தனை பேர் பிறந்தநாளும் தீபாவளியும் போக மற்ற நாளில் பிள்ளையின் தலையில் கை வைத்திருக்கிறோம்?

கோவில் போனது, நாள் நின்றது

யூதர்களுக்கு ஆதியில் ஒரே கோவில்தான். அது ஜெருசலேமில் இருந்தது. பலியும் தூபமும் ஆசாரியரும் திருவிழாவும் அங்கேதான். கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சேனாபதி டைட்டஸ் அந்தக் கோவிலை இடித்துத் தீயிட்டான். அதன்பின் இன்றுவரை அது கட்டப்படவில்லை. ஏறத்தாழ 1950 ஆண்டுகள்.

ஒரே கோவிலை மையமாகக் கொண்ட சமயம் அத்துடன் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. யோகனான் பென் ஸக்காய் என்ற ஆசாரியரும் அவரைப் பின்பற்றியவர்களும் யவ்னே என்ற சிற்றூரில் கூடிப் படிப்பையும் பிரார்த்தனையையும் தொடர்ந்தார்கள். கோவிலில் நடந்தவற்றுள் பல, கருத்தளவில், வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பலிபீடத்தின் இடத்தைச் சாப்பாட்டு மேஜை பெற்றது. பலியோடு சேர்த்த உப்பு ரொட்டியோடு சேர்ந்தது. கட்டடத்தை இடிக்கலாம், வாரந்தோறும் வந்து நிற்கும் ஒரு நாளை எந்தச் சேனாபதியும் இடிக்க முடியாது. நாள் என்பது மூட்டை கட்டாமலே உடன் வரும் கோவில். அவர்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் வெள்ளிக்கிழமை மாலை அங்கேயும் வந்தது.

நம் கரையில் வந்திறங்கியவர்கள்

அவ்விதம் அவர்கள் வந்திறங்கிய கரைகளில் ஒன்று நம்முடைய சேர நாட்டுக் கரை. பண்டைய முசிறி இருந்த பகுதியிலேயே, கொடுங்கல்லூரில், அவர்கள் குடியேற்றம் இருந்தது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடு இன்றும் கொச்சியில் இருக்கிறது. ஆய்வாளர் பெரும்பாலோர் அதன் காலம் கி.பி. 1000ஐ ஒட்டியது என்பர். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்சாசனத்தின் மொழி நம் பழந்தமிழுக்கு மிக நெருங்கியது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், அதனுடன் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் மன்னன் வழங்கினான். பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், தோரணம், நடந்து செல்ல விரிக்கும் பாவாடை ஆகியவை அவற்றுள் அடக்கம். பகல்விளக்கும் ஒன்று. பட்டப்பகலில் ஒருவருக்கு முன்னால் விளக்குப் பிடித்துச் செல்வது அக்காலத்தில் பெரிய மரியாதை. உலகும் நிலவும் உள்ளளவும் அவர் சந்ததிக்கு இவை உரியவை என்று சாசனம் கூறுகிறது. வெள்ளி மாலையில் தாமே விளக்கேற்றிக்கொள்ளும் மக்களுக்கு, ஒரு ஹிந்து அரசன் பகலிலும் விளக்கு ஏற்றி வைத்தான்.

பின்னாளில் போர்த்துகீசியர் காலத்தில் கொடுங்கல்லூரில் துன்பம் நேரவே, யூதர்கள் கொச்சி ராஜாவிடம் அடைக்கலம் புகுந்தனர். மட்டாஞ்சேரியில் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே ராஜா இடம் கொடுத்தார். அங்கே 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி இன்றும் இருக்கிறது. அரண்மனை வளாகத்துப் பழயன்னூர் பகவதி கோவிலும் யூதப்பள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1662இல் போர்த்துகீசியர் அப்பள்ளியைச் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பின் 1664இல் அது சீராயிற்று. உள்ளே சென்றவர்கள் கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது அங்கே வழக்கமாக இருந்தது. 1968 டிசம்பரில் அதன் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் சென்றார். தபால் தலையும் வெளியிடப்பட்டது.

கேரள யூதர் வரலாற்று நூல்களில் மறக்க முடியாத செய்தி ஒன்றுண்டு. கொச்சி ராஜாவின் படையில் யூத வீரர்கள் இருந்தனர். 1550ஐ ஒட்டி வடக்கும்கூர் அரசனுடன் போர் மூண்டபோது, சனிக்கிழமையன்று போரிட வேண்டாம் என்று ராஜா நிறுத்தி வைத்தாராம். அன்று யூத வீரர்கள் ஆயுதம் தொடமாட்டார்கள் என்பதே காரணம். அரசன் படையை வீரனின் விரதத்துக்காக நிறுத்தினான் என்றால், அந்த விரதத்தை வீரன் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும்! தன் நியமத்தில் உறுதியாக நிற்பவனைத்தான் பிறர் மதிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்தை வாங்கி மத்தியதரைக் கடல் பவழத்தை விற்ற யூத வணிகர்கள் சென்னைப்பட்டினத்தில் குடியிருந்தனர். 1688இல் சென்னை நகரசபை தொடங்கப்பட்டபோது அதன் உறுப்பினர் பன்னிருவருள் யூத வணிகர் மூவர் இருந்தனர். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆள் போய்விட்டார்கள், தெருப்பெயர் மட்டும் நின்றது.

சனிவார் தேலி

எனினும் என்னை மிகவும் தொட்டது கொங்கணக் கரையில் நடந்த கதை. பம்பாய்க்குத் தெற்கே, அலிபாக் பக்கத்துக் கிராமங்களில் 'பெனே இஸ்ரேல்' என்ற யூதக் கூட்டத்தார் வாழ்ந்தனர். கப்பல் உடைந்து ஏழு ஆணும் ஏழு பெண்ணும் நவ்காவ் கரையில் ஒதுங்கினார்கள், அவர்கள் வழிவந்தோரே நாங்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். கடலில் ஏடுகளும் போயின. காலப்போக்கில் எபிரேய மொழி மறந்தது. மராத்தி பேசினர், மராத்திய உடை உடுத்தினர், செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். உலகத்தில் மற்ற யூதர்கள் இருக்கிறார்களா என்பதைக்கூட நெடுங்காலம் அறியாதிருந்தனர் என்பர்.

அவர்களிடம் மிஞ்சியவை சில வழக்கங்களே. ஆண் குழந்தைக்குச் செய்யும் சுன்னத்து, சில உணவு விலக்குகள், சில நோன்புகள், 'ஷெமா' என்ற ஒரே ஒரு பிரார்த்தனை. அத்துடன் சனிக்கிழமை. அன்று செக்கு ஓடாது. அக்கம்பக்கத்தார் இதைப் பார்த்து அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தனர்: 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர். சனியன்று ஓய்ந்திருக்கும் எண்ணெய் ஆட்டுபவர் என்று பொருள். பின்னர் கொச்சியிலிருந்து வந்த டேவிட் ரஹாபி என்பவர், இவ்வழக்கங்களைக் கண்டே இவர்கள் யூதர் என்று உணர்ந்து, சிலருக்கு வேதப் பயிற்சி கொடுத்தார் என்று அவர்கள் சொல்கிறார்கள். 1796இல் பம்பாயில் அவர்களுடைய முதல் யூதப்பள்ளி எழுந்தது.

மொழி போனபின்பும், நூல் போனபின்பும், ஒரு நாளைக் கைவிடாததால் ஓர் இனம் தன்னை மீட்டுக்கொண்டது. நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறுகிறது. திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் காதில் விழுவது அரிதாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் நம்மை ஒரு வழக்கத்தால் அடையாளம் சொல்வதென்றால் எதைச் சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கொங்கண யூதர்களிடம் 'மலிதா' என்றொரு படையல் உண்டு. ஏலியா தீர்க்கதரிசியை நினைத்து, அவலில் தேங்காய்த் துருவலும் இனிப்பும் கலந்து, பழங்களுடன் தட்டில் வைத்துப் பிரார்த்தித்து எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பார்ப்பவர் நம் வீட்டுப் பிரசாதம் என்றே சொல்லுவர். தம் நாளை விடாமல், தங்கிய மண்ணின் அவலையும் தேங்காயையும் அதற்குள் ஏற்றுக்கொண்டனர்.

செங்கடல் வழிச் சென்ற ஒரு குடும்பக் கவலை

நாம் தினமும் பார்க்கும் இந்தச் செங்கடல் வழியாகத்தான் இந்தியச் சரக்கு எகிப்துக்குச் சென்றது. அதில் ஈடுபட்ட யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவில் ஒரு யூதப்பள்ளியின் அறையில் குவிந்து கிடந்தன. கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால் பழந்தாள்களை அங்கே போட்டு வைத்தார்கள். காலில் தாள் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அது புரியும்.

அக்கடிதங்களிலிருந்து நாம் அறியும் ஒருவர் ஆப்ரஹாம் பென் யிஜு. துனீசியா நாட்டில் பிறந்த இவர் 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பக்கம் வாழ்ந்தார். மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்தார். வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். ஆஷு என்ற இந்தியப் பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து அவளுடன் குடும்பம் நடத்தினார். எபிரேயத்தில் கவிதை எழுதினார். ஏறத்தாழ பதினேழு ஆண்டு அயல்நாட்டு வாழ்க்கைக்குப் பின் ஏடனுக்குத் திரும்பியபோது, அவரை வாட்டியது மகளின் திருமணம். ஏடனிலேயே நல்ல இடத்தில் பெண் கேட்டும், தன் உடன்பிறந்தாரின் மகனுக்கே கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். 1156இல் பழைய கெய்ரோவில் அந்தத் திருமணம் நடந்தது. வளைகுடாவில் வேலை பார்த்து, பெண்ணுக்கு ஊரில் வரன் தேடும் நம் அன்பர் ஒருவரின் கடிதம் என்றே அதை வாசிக்கலாம். எண்ணூற்றைம்பது ஆண்டுகளில் கவலை மாறவில்லை.

ஸப்பாத் முடியும் சனி இரவில் ஒரு சிறு சடங்கு செய்கிறார்கள். முறுக்கிய மெழுகுவத்தி ஏற்றி, வாசனைப் பொருள் அடைத்த சிமிழைக் கைமாற்றி முகர்கிறார்கள். கிராம்பும் பட்டையும் அதில் இருப்பது வழக்கம். அந்த வாசனையைத் தேடித்தான் அவர்கள் முன்னோர் நம் கரைக்குக் கப்பலேறினர்.

மூடிய கதவு

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில் ஒரு பெரிய குறையும் இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த வெள்ளை நிறத்தார், அவர்களுக்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்த மலபார் யூதரைத் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சந்ததியார் அதே பள்ளிக்கு வரலாம். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. வேதச் சுருளை வாசிக்கக் கூடாது. அடக்கம் செய்யும் இடமும் வேறு.

அந்தக் கூட்டத்தில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் படித்து வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்டு, தம் சொந்த வழிபாட்டிடத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. அதே காலத்தில்தான் வைக்கம் கோவில் வீதிக்காக 1924இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936இல் திருவாங்கூரில் கோவில் கதவுகள் எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தன. கோவிலும் யூதப்பள்ளியும் அடுத்தடுத்து நின்றன என்றேன். குற்றத்திலும் அவை அடுத்தடுத்தே நின்றன.

கதவு திறந்து முடிவதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 1950களில் கேரள யூதர் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் மரபு விதி. மட்டாஞ்சேரியில் உள்ளூர்க்காரரைக் கொண்டு அந்தப் பத்தை நிரப்ப முடியாத நிலை வந்தது. வெளியூர் யூதர் யாராவது வந்தால்தான் உண்டு. செந்தமங்கலத்து யூதப்பள்ளி இன்று அருங்காட்சியகம். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலை பெயர்த்தெடுக்கப்பட்டு ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான கட்டடங்கள், தொழ ஆளில்லை. ஆனால் அங்கிருந்து போனவர்களோ, போன இடத்திலும் வெள்ளி மாலை விளக்கேற்றுகிறார்கள். பாட்டிமார் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த மலையாளப் பாட்டுகளையும் கொண்டுபோனார்கள்.

நமக்கு என்ன?

வளைகுடாவில் காலம் மாறி வருவதை அறிவோம். பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஸ்ரீநாத்ஜி கோவில் இருநூறு ஆண்டுப் பழமையுடையது. அதே ஊரில் யூதப்பள்ளி ஒன்று 2021இல் புதுப்பிக்கப்பட்டது. அபுதாபியில் மசூதியும் மாதா கோவிலும் யூதப்பள்ளியும் ஒரே வளாகத்தில் 2023இல் திறக்கப்பட்டன. ஜெபல் அலியில் 2022இலும், அபு முரைக்காவில் 2024இலும் ஹிந்து ஆலயங்கள் எழுந்தன. விடுமுறையில் அங்கே சென்று தரிசித்து வந்த அன்பர்கள் கண்ணீர் மல்கச் சொல்கிறார்கள்.

யான்புவில் நமக்குக் கோபுரம் கிடையாது. நாம் வேலைக்காக வந்த நாடு. இதன் சட்டத்துக்கு உட்பட்டு, வீட்டுக்குள் சாமி அலமாரிக்கு முன்னால் அமைதியாகக் கும்பிடுவதே நம் வழி. "கோவில் இல்லாத ஊரில் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு என்று இப்போது தெரிகிறது. நமக்கு நாள் இல்லாமலா போயிற்று? வெள்ளிக்கிழமை மாலை குத்துவிளக்கு ஏற்றாத தமிழ்த் தாய் உண்டா? என் வீட்டிலும் ஏற்றினாள். ஆனால் அவள் தனியாக ஏற்றினாள். நான் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பேன்; மகள் தொலைக்காட்சி முன்னால் இருப்பாள்; விளக்கு எரிந்து முடிந்ததும் எல்லோரும் கடைவீதிக்குக் கிளம்புவோம். 2013இல் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியபோது, கடைக்குப் போக இன்னும் வசதியாயிற்று என்றுதான் மகிழ்ந்தேன். மகளுக்குப் பதில் வராததற்குக் காரணம் அவளல்ல.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில் வீட்டிலுள்ள அனைவரும் கூடி உட்காருவோம். அரை மணி நேரம் போதும். அந்த அரை மணிக்குக் கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். 25 மணி நேரம் தள்ளி வைப்பவர்கள் உலகில் இருக்கும்போது நம்மால் அரை மணி முடியாதா?

இரண்டாவது, பிள்ளை ஒரு பாட்டைச் சொல்லட்டும். பெரியவர் ஒருவர் அதன் பொருளைச் சொல்லட்டும். பொருள் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடட்டும். முடிவில் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசி கூறுவோம். இதற்கு ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம்.

மூன்றாவது, அன்றிரவுச் சாப்பாட்டுக்கு, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கேம்ப்பில் தனியே இருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரை அழைப்போம். எந்த ஊர் என்று கேட்கலாம். என்ன ஜாதி என்று கேட்க வேண்டாம். சேலம் அவர்கள் எந்தக் கதவுக்கு வெளியே நின்றாரோ, அந்தக் கதவை நம் வீட்டில் வைத்துவிடக் கூடாது.

சென்ற மாதம் மகளிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. விடுதி அறையில் ஒரு சிறு அகல் வாங்கி வைத்திருக்கிறாளாம். நெருப்பு மூட்ட அனுமதியில்லாததால் பாட்டரியில் எரியும் அகல். அந்த யூதத் தோழியை வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அழைத்து, சர்க்கரை போட்ட அவல் கொடுத்தாளாம். "எங்கள் நாள் எது என்று கேட்டானே அந்தப் பையன், அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன் அப்பா. வெள்ளிக்கிழமை என்றேன். 'அட, எங்களுக்கும் அன்றுதானே தொடங்குகிறது' என்றான்."

அவள் பேசி முடித்தபோது இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி திரியைத் தூண்டினாள். நான் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எல்லோரும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக.